மெல்லிய கேலிகிராஃபி எழுத்துரு: தேர்ந்தெடுப்பதிலிருந்து அச்சுக்கு அனுப்பும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சாய்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, நூலிழைக் கோடுகளோடு ஓடும் கேலிகிராஃபி (அழகுக் கையெழுத்துப் பாணி) எழுத்துருக்களை எல்லோருக்கும் பிடிக்கும். திரையில் பெரிதாக வைத்துப் பார்க்கும்போது மனம் மயங்கும். அப்புறம் அச்சாகி வந்ததைக் கையில் எடுத்தால் பாதிக் கோடுகள் காணாமல் போயிருக்கும். எழுத்துகள் துண்டு துண்டாக நிற்கும். இணையப் பக்கத்தில் போட்டால் கறுப்பு எழுத்து வெளிறிச் சாம்பலாகத் தெரியும்.

இதற்குக் காரணம் அந்த எழுத்துருவின் மிக மெல்லிய கோடு. டிசைனர்கள் ஹேர்லைன் என்று சொல்வது. அழகு முழுவதும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான். எந்த அளவில் வைப்பது, எந்த நிறம், எந்தக் காகிதம், பக்கத்தில் எந்த எழுத்து என்று எடுக்கிற ஒவ்வொரு முடிவும் ஹேர்லைனைக் காப்பாற்றுகிறதா என்று பார்த்தால் போதும், மற்றவை தானாகவே சரியாக அமையும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகள் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

படி 1: எந்தப் பேனாவில் பிறந்த எழுத்து என்று பாருங்கள்

கேலிகிராஃபி எழுத்துருக்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பெரும்பாலானவை இரண்டு குடும்பங்களில் அடங்கிவிடும்.

ஒன்று அகல முனைப் பேனாவின் குடும்பம். முனை தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். பேனாவைப் பிடிக்கும் கோணம் மாறாது. கை போகும் திசையைப் பொறுத்து கோடு தடித்தோ மெலிந்தோ விழும். மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் போப்பாண்டவரின் அலுவலக எழுத்தர்கள் எழுதிய சான்சரி கையெழுத்து இந்த வகை. எழுத்தர் லுடோவிகோ டெலி அரிகி அதைக் கற்றுக்கொடுக்கவே ரோமில் ஒரு சிறு பயிற்சி நூலை வெளியிட்டார், அதில் உள்ள ஆண்டு 1522. இன்றைய எழுத்துருக்களில் ஹெர்மன் சாஃப் வடிவமைத்த ஐடிசி சாஃப் சான்சரி (1979), கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் டாஞ்சரின் இரண்டும் இந்த வழியில் வந்தவை.

இன்னொன்று கூர்முனைப் பேனாவின் குடும்பம். முனை நடுவில் பிளவுபட்டிருக்கும். கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் பிளவு விரிந்து தடித்த கோடு வரும். மேல்நோக்கிப் போகும்போது அழுத்தத்தை விட்டால் மயிரிழைக் கோடு வரும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் எழுத்தாசிரியர்கள் இந்தக் கையெழுத்தில் உச்சம் தொட்டார்கள். அவர்களுடைய மாதிரிகள் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டதால் இந்தப் பாணிக்குக் காப்பர்பிளேட் என்றே பெயர் நின்றுவிட்டது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. செதுக்குபவரின் கருவி, பேனாவால் இழுக்க முடியாத அளவு மெல்லிய கோட்டையும் தகட்டில் இழுக்கும். ஆகவே இந்த எழுத்துருக்களின் ஹேர்லைன் முழுக்கக் கையெழுத்திலிருந்து மட்டும் வந்தது இல்லை. செப்புத் தகடு என்ற தனித் தொழில்நுட்பத்துக்காக மெலிந்த கோடு அது. சாதாரண ஆஃப்செட் அச்சிலும் அது அப்படியே நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அந்த வரிசையில் புகழ்பெற்றவை இரண்டு. மேத்யூ கார்ட்டர் 1966இல் வடிவமைத்த ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் இருந்த சார்லஸ் ஸ்னெல் என்ற எழுத்தாசிரியரின் கையெழுத்தை ஒட்டியது. ரிச்சர்ட் லிப்டன் 1997இல் அடோபிக்காக வடிவமைத்த பிக்கம் ஸ்கிரிப்ட், ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாகச் செதுக்கி வெளியிட்ட எழுத்து மாதிரிகளிலிருந்து பிறந்தது. இலவசமாக வேண்டும் என்றால் பின்யன் ஸ்கிரிப்ட், கிரேட் வைப்ஸ் இரண்டும் நல்ல தொடக்கம்.

ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் 1966இல் வந்தது தற்செயல் இல்லை. ஈய எழுத்துகளின் காலத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு செவ்வகக் கட்டை. மிகவும் சாய்ந்த எழுத்தின் வால் கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், எளிதில் உடையும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி இல்லாமல் கோப்பதும் பெரும்பாடு. புகைப்பட முறையில் எழுத்துக் கோக்கும் இயந்திரங்கள் வந்த பிறகு எழுத்து வெறும் பிம்பமாகிவிட்டது, ஒன்றின் மேல் ஒன்று ஏறலாம். கார்ட்டர் அந்த வாய்ப்பைத்தான் பயன்படுத்திக்கொண்டார்.

உங்கள் கையில் இருக்கும் எழுத்துரு எந்தக் குடும்பம் என்று தெரிய ஒரு சுலபமான வழி: ஒரு சொல்லைப் பெரிதாக வைத்து மெல்லிய கோடுகளை மட்டும் கண்ணால் தொடருங்கள். அவை எல்லாமே மேல்நோக்கி ஏறும் கோடுகளாக, ஒரே தடிமனில் இருந்தால் கூர்முனை. தடிமன் படிப்படியாக மாறிக்கொண்டே வந்தால், எழுத்துகள் பெரும்பாலும் தனித்தனியாக நின்றால், அகல முனை. சின்ன அளவில் வைக்க வேண்டிய வேலை என்றால் அகல முனைக் குடும்பத்துக்குப் போங்கள். கூர்முனைக் குடும்பம் பெரிய அளவில்தான் பேசும்.

சாஃப் 1998இல் செய்த சாஃபினோ தனி ரகம். மேலும் கீழும் அதன் வீச்சு அவ்வளவு நீளம் என்பதால் இரண்டு வரி வைத்தாலே பக்கம் நிறைந்துவிடும். ஒற்றை வரிக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எத்தனை சொற்கள் என்று முடிவு செய்யுங்கள்

எழுத்துருவைத் தேடும் முன்பே இதைச் செய்ய வேண்டும். என் வரம்பு ஒரு பெயர், ஒரு தலைப்பு, அல்லது அதிகபட்சம் ஒரு குறுகிய வரி. அழைப்பிதழில் இருவர் பெயர், சான்றிதழில் பெறுபவர் பெயர், கவிதைத் தொகுப்பின் அட்டைத் தலைப்பு, வாசனைத் திரவிய லேபிள், ஓர் அத்தியாயத்தின் முதல் எழுத்து. இவை இதற்கென்றே அமைந்த இடங்கள்.

முகவரி, தேதி, தொலைபேசி எண், இணைய முகவரி, மருந்தின் அளவு, எச்சரிக்கை இவற்றை ஒருநாளும் இதில் வைக்காதீர்கள். வாசிப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் சரியாகப் படித்தே தீர வேண்டிய இடங்கள் அவை. பல கேலிகிராஃபி எழுத்துருக்களில் 1, 7 இரண்டும் ஏறக்குறைய ஒரே வளைவில் இருக்கும். பெயர் தெரிந்தவர் பெயரை ஊகித்துப் படித்துவிடுவார். எண்ணை யாராலும் ஊகிக்க முடியாது.

முழுச் சொல்லையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (கேபிடல்) வைப்பதும் கூடவே கூடாது. இந்தப் பெரிய எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு சொல்லைத் தொடங்கி வைப்பதற்காக வரையப்பட்டவை. நான்கைந்தை வரிசையாக நிறுத்தினால் சுழிகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும், ஒன்றும் படிக்க முடியாது. பெயருக்கு முன் இரண்டு மூன்று இனிஷியல் வரும்போதும் இதே சிக்கல்தான். அதற்குத் தீர்வு ஐந்தாம் படியில்.

படி 3: உங்கள் சொல்லையே எழுதிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

எழுத்துரு விற்கும் தளங்களில் காட்டும் மாதிரிப் படங்களை நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த எழுத்துருவில் எந்த எழுத்துகள் நன்றாக வந்திருக்கின்றனவோ அந்த எழுத்துகள் உள்ள சொற்களைத்தான் அங்கே வைத்திருப்பார்கள். உங்கள் சொல்லைத் தட்டச்சு செய்து பாருங்கள். மூன்று இடங்களில் கண்ணை நிறுத்துங்கள்.

முதல் எழுத்து. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஐ, ஜே (I, J) இரண்டும், டி, எஃப் (T, F) இரண்டும், எஸ், எல் (S, L) இரண்டும் இந்தப் பாணியில் ஒன்றுபோலத் தோன்றும். பெயர் அந்த எழுத்துகளில் ஒன்றில் தொடங்கினால், அந்தப் பெயரை முன்பின் தெரியாத ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். தயங்கினால் அந்த எழுத்துரு இந்தப் பெயருக்கு ஆகாது.

அடுத்து எழுத்துகள் கோத்துக்கொள்ளும் இடம். பெரும்பாலான சின்ன எழுத்துகள் அடிக்கோட்டில் முடிந்து, அடுத்த எழுத்துக்கு அங்கிருந்து ஏறும். ஆனால் ஓ, பி, வி, டபிள்யூ (o, b, v, w) நான்கும் மேலே முடிகின்றன. அடுத்து ஆர், எஸ், ஈ வந்தால் அவை அடிக்கோட்டிலிருந்து தொடங்க முடியாது, மேலிருந்தே தொடங்க வேண்டும். திறமையாகச் செய்த எழுத்துருவில் இதற்காகவே அந்த எழுத்துகளுக்கு இன்னொரு வடிவம் வைத்திருப்பார்கள். அலட்சியமாகச் செய்ததில் ஒரு கோடு மொட்டையாக முடிய, அடுத்தது கொஞ்சம் கீழே எங்கிருந்தோ ஆரம்பிக்கும். ஓ–ஆர், பி–ஆர், டபிள்யூ–எஸ் ஜோடிகளை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துருவின் தரம் அங்கே தெரிந்துவிடும்.

கடைசியாக, குறிகள். பெயரில் அக்சன்ட் குறிகள் இருந்தால் அந்த எழுத்துகள் எழுத்துருவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் மென்பொருள் சத்தமில்லாமல் வேறோர் எழுத்துருவிலிருந்து ஒற்றை எழுத்தைக் கொண்டுவந்து நடுவில் செருகும்.

தேர்ந்தெடுத்த கையோடு லைசென்ஸையும் படித்துவிடுங்கள். மேலே சொன்ன கூகுள் ஃபான்ட்ஸ் எழுத்துருக்கள் எஸ்ஐஎல் ஓபன் ஃபான்ட் லைசென்ஸில் வருபவை. வணிக வேலைக்கும் லோகோவுக்கும் பயன்படுத்தலாம், எழுத்துருவைத் தனியாக விற்க மட்டும் கூடாது. “தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம்” என்று போட்டிருப்பவை வாடிக்கையாளர் வேலைக்கு உதவாது. காசு கொடுத்து வாங்கியதிலும் கணினிக்கு ஒரு லைசென்ஸ், இணையதளத்துக்கு வேறொரு லைசென்ஸ் என்று பிரித்து விற்பது வழக்கம்.

படி 4: ஹேர்லைனை அளந்து, குறைந்தபட்ச அளவைக் கணக்கிடுங்கள்

இந்தப் படிக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும், ஆனால் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இன்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர் மாதிரி ஏதாவது ஒரு வரைகலை மென்பொருளில் உங்கள் சொல்லை 1000 பாயின்ட் அளவில் வையுங்கள். அதை அவுட்லைனாக (தட்டச்சு எழுத்தாக இல்லாமல் வெறும் வரைகோட்டு வடிவமாக) மாற்றுங்கள். எங்கே கோடு மிக மெல்லியதாக இருக்கிறதோ, பெரும்பாலும் எழுத்துகளை இணைக்கும் ஏறுகோட்டில், அங்கே நன்றாகப் பெரிதாக்கி, கோட்டுக்குக் குறுக்காக ஒரு சின்னச் செவ்வகத்தைப் பொருத்தி அதன் அகலத்தைப் படியுங்கள்.

அது 14 பாயின்ட் என்று வைத்துக்கொள்வோம். 1000க்கு 14 என்றால் ஹேர்லைன் எழுத்து அளவில் 1.4 சதவீதம். இனி எல்லாம் எளிய கணக்கு.

இந்த எழுத்துருவை 12 பாயின்டில் வைத்தால் ஹேர்லைன் 0.168 பாயின்ட், அதாவது சுமார் 0.06 மில்லிமீட்டர். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) லேசர் பிரின்டரில் ஒரு புள்ளியே 0.042 மில்லிமீட்டர். நம் கோடு ஒன்றரைப் புள்ளி கூட இல்லை. பிரின்டரால் அரைப் புள்ளி போட முடியாது. ஆகவே ஓர் இடத்தில் ஒரு புள்ளி, இன்னோர் இடத்தில் இரண்டு புள்ளி என்று போடும். ஒரே தடிமனில் ஓட வேண்டிய கோடு நடுங்கிக்கொண்டு ஓடுவதற்குக் காரணம் இதுதான். எழுத்துருமேல் தப்பில்லை.

அச்சகங்களில் பொதுவாகச் சொல்லும் பாதுகாப்பான எல்லை 0.25 பாயின்ட். 0.25ஐ 0.014ஆல் வகுத்தால் ஏறக்குறைய 18. ஆக, வெள்ளைக் காகிதத்தில் அடர் மையில் இந்த எழுத்துருவின் குறைந்தபட்ச அளவு 18 பாயின்ட். அடர் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விட வேண்டும் என்றாலோ, ஃபாயில் அச்சு (பளபளக்கும் மெல்லிய தகட்டை அழுத்திப் பதிப்பது) என்றாலோ 0.5 பாயின்டை எல்லையாக வையுங்கள். அப்போது 36 பாயின்ட். உங்கள் அச்சகம் வேறு எண் சொன்னால் அவர்கள் சொல்வதே சரி, அவர்களுக்குத்தான் அவர்கள் இயந்திரம் தெரியும். மாறாதது வகுத்தல் கணக்கு மட்டுமே.

இந்தக் குறைந்தபட்ச அளவை வேலைக் குறிப்பிலேயே எழுதி வையுங்கள். பிறகு யாராவது “கொஞ்சம் சின்னதாக்கலாமே” என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

படி 5: எழுத்துகளைக் கோத்து வையுங்கள்

முதல் விதி, எழுத்து இடைவெளியைத் தொடாதீர்கள். டிராக்கிங் பூஜ்யம். கொஞ்சம் கூட்டினாலும் இணைப்புகள் அறுந்துவிடும், குறைத்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் திட்டாகும். இருபுறமும் சமமாக இழுத்துச் சீராக்கும் ஜஸ்டிஃபை அமைப்பும் வேண்டாம். வளைந்த பாதையில் எழுத்தை ஓட விடுவதிலும் இதே ஆபத்து உண்டு, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகத் திரும்புவதால் இணைப்புகள் விரியும்.

அப்புறம், எழுத்துருவில் இருக்கும் ஓபன்டைப் வசதிகளைத் திறந்துவிடுங்கள். லிகேச்சர் (எழுத்துகள் சேர்ந்த ஒற்றை வடிவம்), கன்டெக்ஸ்சுவல் ஆல்டர்நேட்ஸ் (பக்கத்து எழுத்தைப் பொறுத்து மாறும் வடிவம்) இரண்டும் இயங்க வேண்டும். மேலே சொன்ன ஓ–ஆர் இணைப்பைச் சரிசெய்வது இந்த இரண்டாவது வசதிதான். டிசைன் மென்பொருள்களில் இவை பெரும்பாலும் ஏற்கெனவே இயங்கும். வேர்டில் எழுத்துரு அமைப்புகளின் மேம்பட்ட பகுதிக்குப் போய் நாமே குறி போட வேண்டியிருக்கும். லிப்ரேஆபிஸில் எழுத்துருப் பெட்டியில் அம்சங்கள் என்ற பொத்தானுக்குள் இருக்கும்.

ஸ்வாஷ் எனப்படும் நீண்ட வால்களும் சுழிகளும் வேறு விஷயம். இவற்றைத் தானாக ஓட விடாமல் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்துருவின் எல்லா வடிவங்களையும் காட்டும் கிளிஃப்ஸ் பலகையைத் திறந்து, முதல் எழுத்துக்கு ஒன்று, கடைசி எழுத்துக்கு ஒன்று என்று தொடங்குங்கள். பெரும்பாலான சொற்களுக்கு அதற்குமேல் தேவைப்படாது. சுழி எப்போதும் காலி இடத்தை நோக்கிப் போக வேண்டும். மேல் வரியிலிருந்து இறங்கும் வால் கீழ் வரியின் எழுத்தைத் தொடக் கூடாது. கோடுகள் குறுக்கிடும்போது கேலிகிராஃபி எழுதுபவர்கள் கண்டிப்பாகப் பின்பற்றும் ஒரு விதி இருக்கிறது. மெல்லிய கோடு மெல்லியதைக் கடக்கலாம், தடித்ததையும் கடக்கலாம். தடித்த கோடு தடித்த கோட்டைக் கடக்கவே கூடாது, கடந்தால் அங்கே ஒரு கறுப்புத் திட்டு விழும். உங்கள் சொல்லைச் சற்று தள்ளி வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எங்காவது கறுப்பு குவிந்து தெரிந்தால் அங்கே இருக்கும் ஸ்வாஷை எடுத்துவிடுங்கள்.

ஒரே சொல்லில் ஒரே எழுத்து இரண்டு முறை பக்கத்தில் வந்தால், இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பது கையெழுத்தின் மாயையைக் கலைத்துவிடும். மாற்று வடிவம் இருந்தால் ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் கண் அதை உடனே உணரும்.

இனிஷியல்களுக்கு வருவோம். எழுத்துருவில் சுழி குறைந்த எளிய பெரிய எழுத்துகள் இருந்தால் இனிஷியல்களுக்கு அவற்றையும் பெயரின் முதல் எழுத்துக்கு மட்டும் அலங்கார வடிவத்தையும் கொடுங்கள். இல்லையென்றால் இனிஷியல்களைத் துணை எழுத்துருவில் சிறியதாக, பெயருக்கு முன்னால் தனியே வையுங்கள். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் அதிகம் பிடிக்கும். பெயர் தனித்து எழுந்து நிற்கும்.

நடுவில் வைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மென்பொருள் சொல்லின் இடது ஓரத்தில் நீளும் சுழியையும் சேர்த்து அளந்துதான் நடுவைக் கண்டுபிடிக்கிறது. கண்ணோ, சுழியைக் கணக்கில் எடுக்காமல் சொல்லின் உடலைத்தான் பார்க்கிறது. விளைவாகப் பெயர் வலப்பக்கம் தள்ளி நிற்பதுபோலத் தோன்றும். சின்ன எழுத்துகளின் கூட்டத்தை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, சுழியை வெளியே நீள விடுங்கள்.

சான்றிதழ்போல நூற்றுக்கணக்கான பெயர்களை ஒரே வார்ப்பில் ஓட்டும் வேலையா? பட்டியலில் மிக நீளமான பெயருக்கு எந்த அளவு பொருந்துகிறதோ அதையே எல்லோருக்கும் வையுங்கள். அந்த அளவு நான்காம் படியின் எல்லைக்குக் கீழே போனால் எழுத்துருவை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

படி 6: பக்கத்தில் அமைதியான துணை எழுத்துரு

கேலிகிராஃபி எழுத்துருவுக்குப் பக்கத்தில் இன்னொரு கேலிகிராஃபி வேண்டாம். சாய்வெழுத்தும் வேண்டாம், இரண்டு வேறு சாய்வுகள் சண்டை போடும். நிமிர்ந்து நிற்கும், அடக்கமான ஓர் எழுத்துரு போதும்.

வரலாறே இங்கே நல்ல ஜோடிகளைக் காட்டுகிறது. ஜான் பாஸ்கர்வில் அச்சுத் தொழிலுக்கு வருமுன் கையெழுத்து கற்றுக்கொடுத்தவர். 1757இல் அவர் முதல் நூலை அச்சிட்டபோது அந்த எழுத்துகளில் கூர்முனைப் பேனாவின் பழக்கம் தெரிந்தது. ஆகவே காப்பர்பிளேட் பாணிக்குப் பாஸ்கர்வில் இயல்பாகவே ஒத்துப்போகும். சான்சரி பாணிக்கு அதே இத்தாலிய மரபில் வந்த பெம்போ, கேரமாண்ட் வகை எழுத்துகள் பொருந்தும். நவீனத் தோற்றம் வேண்டுமா, மெலிந்த சான்ஸ் செரிஃப் (கோட்டு முனைகளில் சிறு கோடு இல்லாத எழுத்து) ஒன்றைச் சிறியதாக, இடைவெளி விட்டு வையுங்கள்.

அளவு விகிதத்தில் தயக்கம் வேண்டாம். கேலிகிராஃபி எழுத்துருக்களில் சின்ன எழுத்துகளின் உயரம் மிகக் குறைவு என்பதால் 36 பாயின்ட் பெயருக்குக் கீழே 11 அல்லது 12 பாயின்ட் வரி சரியாக இருக்கும்.

துணை வரி தமிழில் வருகிறதென்றால், தமிழ் எழுத்தைச் செயற்கையாகச் சாய்த்துப் பொருத்தப் பார்க்காதீர்கள். ண, ன, ணை போன்றவற்றின் சுழிகள் நசுங்கிப்போகும். நிமிர்ந்த, எடை குறைந்த தமிழ் எழுத்தே அழகு. கேட்டமரன் எழுத்துரு மிக மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது எடைகளில் கிடைப்பதால் ஹேர்லைனுக்கு இணையாக எது நிற்கிறது என்று சோதித்துப் பார்க்க வசதி. தமிழே கையெழுத்துச் சாயலில் வேண்டும் என்றால் சாய்வோடே வரையப்பட்ட கவிவாணர் இருக்கிறது.

படி 7: திரையில் வைக்கும்போது

அதே 1.4 சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 32 பிக்சல் தலைப்பில் ஹேர்லைன் 0.45 பிக்சல். பாதிப் பிக்சலைக் காட்ட முடியாது என்பதால் திரை ஒரு முழுப் பிக்சலைப் பாதி நிறத்தில் காட்டும். நீங்கள் கொடுத்த கறுப்பு சாம்பலாகத் தெரிவது இதனால்தான். முழு ஒரு பிக்சல் வேண்டும் என்றால் சாதாரணத் திரையில் 72 பிக்சல் அளவாவது தேவை. நிறத்தை ஏற்கெனவே சாம்பலாகக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஆகவே மிக அடர்ந்த நிறத்தையே கொடுங்கள். புகைப்படத்தின் மேல் வைப்பதாக இருந்தால் வானம், சுவர் போன்ற சமமான பகுதி பார்த்து வையுங்கள்.

இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் லெட்டர் ஸ்பேசிங்கைக் கூட்டினால் இடைவெளி விழுவதோடு நிற்காது. பிரவுசர்கள் லிகேச்சர்களையும் அணைத்துவிடும். எழுத்து எழுத்தாக ஓடிவரும் அனிமேஷனும் இந்த எழுத்துருக்களுக்கு ஆகாது, எழுத்துகள் தனித்தனித் துண்டுகளாகும்போது இணைப்பு வடிவங்கள் தொலைந்துபோகும். வரி உயரத்தைத் தாராளமாக விடுங்கள், இல்லையென்றால் நீண்ட வால்கள் பெட்டியின் விளிம்பில் வெட்டுப்படும். உங்கள் எழுத்துரு ஏறாதபோது வரும் பதிலி எழுத்துருவாகக் கர்சிவ் என்ற பொதுப் பெயரை விட்டுவைக்காதீர்கள். விண்டோஸில் பல பிரவுசர்கள் அதற்குக் காமிக் சான்ஸைக் கொண்டுவந்து நிறுத்தும். செரிஃப் என்று கொடுப்பது நல்லது.

படி 8: அச்சுக்கு அனுப்பும்போது

நிறம்தான் முதல் கவலை. நான்கு மைகளைக் கலந்து வரும் பழுப்பு, பொன்னிறம், சாம்பல் எதுவும் இந்த எழுத்துக்கு ஒத்துவராது. கலப்பு நிறம் என்றால் புள்ளிகளாக அச்சாகும். அங்குலத்துக்கு 150 வரிசைப் புள்ளிகள் என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவே 0.17 மில்லிமீட்டர் தூரம். நம் 0.25 பாயின்ட் ஹேர்லைன் 0.09 மில்லிமீட்டர்தான், புள்ளிகளுக்கு நடுவிலேயே காணாமல் போய்விடும். ஒரே மை, நூறு சதவீதம். கறுப்பு என்றால் கறுப்பு மை மட்டும், வேறு நிறம் வேண்டும் என்றால் அந்த நிறத்திலேயே கலந்து தரும் தனி மை. ஹேர்லைனைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி கிடையாது.

காகிதத்தில், மை ஊறும் சொரசொரப்பான காகிதம் கோட்டைத் தடிக்க வைக்கும், அதன் மேடுபள்ளம் கோட்டை உடைக்கவும் செய்யும். வழுவழுப்பான, பூச்சில்லாத காகிதம் நடுவழி. ஃபாயில், லெட்டர்பிரஸ் (எழுத்தைக் காகிதத்தில் அழுத்திப் பதிக்கும் அச்சு) என்றால் எழுத்தின் தடித்த கோடுகளுக்கு நடுவில் இருக்கும் காலி இடத்தையும் பாருங்கள், அழுத்தத்தில் சின்னச் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

எழுத்து கொஞ்சமே கொஞ்சம் மெலிவாக இருக்கிறது, அளவையும் கூட்ட முடியாது என்றால், எழுத்தைச் சுற்றி அதே நிறத்தில் 0.1 பாயின்ட் ஸ்ட்ரோக் கொடுக்கலாம். மெல்லிய கோட்டுக்கும் தடித்த கோட்டுக்கும் ஒரே அளவு கூடுவதால் வேறுபாடு குறையும், எழுத்து கொஞ்சம் மந்தமாகும். இதைவிட அதிகம் கொடுத்தால் எழுத்துருவின் குணமே போய்விடும்.

துணியில் எம்பிராய்டரி போடக் கேட்பவர்களும் உண்டு. தையலில் நிரப்பிய கோடு ஒரு மில்லிமீட்டர் அகலமாவது இருந்தால்தான் ஒழுங்காக நிற்கும். ஹேர்லைன்களை ஒற்றை ஓட்டுத் தையலாக மாற்றி வரைந்துகொள்ள வேண்டும்.

கோப்பைத் தயாரிக்கும்போது எழுத்தாகவே இருக்கும் மூலக் கோப்பு ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். நகலில் எழுத்தை அவுட்லைனாக மாற்றி, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களை யூனியன் கட்டளையால் ஒரே வடிவமாக இணையுங்கள். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கும் லேசருக்கும் இது கட்டாயம், இல்லையென்றால் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு வெட்டு விழும். ஸ்ட்ரோக் கொடுத்திருந்தாலும் எழுத்து ஒளி ஊடுருவும்படி இருந்தாலும் அந்த ஏறல்கள் கண்ணுக்குத் தெரியும் என்பதால் அப்போதும் இணைத்துவிடுங்கள்.

பிறகு, அச்சாகப் போகும் அதே காகிதத்தில், அதே அளவில், ஒரு ப்ரூஃப் (மாதிரி அச்சு) கேளுங்கள். பிடிஎஃப்பைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டாம். அழைப்பிதழைக் கையில் பிடிக்கும் தூரத்தில், சாதாரண அறை வெளிச்சத்தில் பார்த்து, ஏறுகோடுகள் அறுபடாமல் அடுத்த எழுத்துவரை போய்ச் சேர்கின்றனவா என்று சொல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தொடர்ந்து பாருங்கள். ஓரிடத்தில் அறுந்திருந்தாலும் அளவை இரண்டு பாயின்ட் கூட்டி இன்னொரு ப்ரூஃப் வாங்குங்கள்.